மின்மினி மாறனின் கடைசிப் பக்கத்தைத் தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு

ஆடி மாதத்தில் பெரியபாளையம் போகும் வழியைப் பற்றிப் போன முறை எழுதியிருந்தேன். அதைப் படித்த மூன்று பேர், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். 1973ஆம் வருடம், ஆடி ஞாயிறு ஒன்றில், ஒரு காமிக்ஸ் புத்தகத்தைத் தேடிக்கொண்டு அந்த வழியில் போனேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது எழுபதைத் தாண்டி, ஊராட்சிப் பள்ளியில் பெரியவர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பில் படித்து, இரண்டு வருடமாக எழுதுகிறேன். ஒரு பத்தி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும், இத்தனை சந்தோஷம் சூடான டீயில் கிடைத்ததில்லை.

புத்தகத்தின் நாயகன் மின்மினி மாறன். மூச்சை அடக்கினால் அவன் உடம்பு முழுவதும் விளக்குப்போல எரியும். அந்த வெளிச்சத்தில் திருடர்கள் கண் கூசி விழுவார்கள், வழி தெரியாதவர்கள் வீடு போய்ச் சேருவார்கள். மாதம் ஒரு புத்தகம் வரும். நான் அவனை முதலில் பார்த்தது திருவள்ளூர் ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில், பதினேழு வயதில். மழைக்கு ஒதுங்கினேன். அட்டையில் ஒருவன் இருட்டுக் காட்டில் உடம்பெல்லாம் ஒளியாக நின்றான். ஏதோ சாமிப் படம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஏசுதாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"அது சாமி இல்ல நைனா. வா, குந்து. நான் படிச்சிக் காட்டுறேன்" என்றான்.

ஏசுதாஸ் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன், அரிசி மில்லில் மூட்டை தூக்குபவன். என்னையும் அந்த மில்லில் சேர்த்துவிட்டது அவன்தான். அவன் மாறனைக் கண்டுபிடித்தது தன் கல்யாணத்தன்று காலையில், முடிதிருத்தும் கடையில். பாதிக் கதையில் அவன் முறை வந்ததாம். "நீ போ" என்று பின்னால் இருந்தவனை அனுப்பிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தானாம். மாதா கோயிலில் பெண்ணும் பாதிரியாரும் காத்திருந்த கதையை அவன் மனைவி மேரி இன்றைக்கும் சொல்லுவார்.

மில்லுக்கு எதிரே கோவிந்து அண்ணன் டீக்கடை. அவருக்கு மாறன் கிடைத்தது நாற்பத்தெட்டு வயதில். படிக்காமல் கெட்டுப்போகிறான் என்று மகனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். அதில் அப்படி என்னதான் கெடுதல் இருக்கிறது என்று பார்க்கப் படித்தார். மகன் பெரியவனாகி மாறனை மறந்துபோனான், இவர் மாதாமாதம் வாங்க ஆரம்பித்தார். சாயங்காலம் ஏசுதாஸ் அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். "இந்தப் படத்துல மொகம் எப்டி கீது, சொல்லு" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னைக் கேட்பான். நான் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டம்.

அந்த வருடம் ஏசுதாஸ் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் மூட்டை தூக்கினான். புண் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்துப் போடவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏசுதாஸ் கையெழுத்துப் போட மறுத்தான்.

"கால் இல்லாத லோடுமேனுக்கு எவன் வேல குடுப்பான்? இப்டியே பூட்டாக்கூட மேரி நாலு வூட்டுல பாத்திரம் தேச்சிப் பொழச்சிக்கும்" என்றான். மேரி அழுதார், பாதிரியார் வந்து பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை கோவிந்து அண்ணன் அதட்டியபோது, "மாறன் கத முடியட்டும்ணே, அப்பறம் பாக்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முந்தின மாதம் ஏசுதாஸ் படித்துக்காட்டிய புத்தகத்தில் மாறன் கடல் குகையில் பாறைக்கடியில் கால் சிக்கிக் கிடந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு தீர்ந்து வெளிச்சமும் போய்விட்டது. அதற்கடுத்த புத்தகத்தோடு மாறன் கதையே நின்றுவிட்டது. அந்தக் கடைசிப் புத்தகத்தைக் கோவிந்து அண்ணன் வாங்கி, ஏசுதாஸ் வந்து படிக்கட்டும் என்று பிரிக்காமலே வைத்திருந்தார். அவர் மனைவி அதைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார். புத்தகக் கடையிலும் தீர்ந்துபோயிருந்தது.

"சாக்கு சொல்றான்டா ஏழுமல" என்றார் கோவிந்து அண்ணன் என்னிடம். "நாம போயி அந்தச் சாக்கப் புடுங்கிக்கினு வந்துடலாம்."

பேப்பர்காரரை விசாரித்தோம். கட்டு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டது, ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்கும் செங்கம்மா வாங்கிப்போனார் என்றார்.

ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸில் புறப்பட்டோம். திருவள்ளூரிலிருந்து வெங்கல் வழியாகப் பெரியபாளையம் ஏறக்குறைய இருபத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு பைசா. ஆடி ஞாயிறு என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. படியில் ஆள், கூரையில் ஆள், மடியில் கோழி. ஏழரைக்கு இறங்கினால் ஊர் முழுக்க வேப்பிலை. ஆரணி ஆற்றுப் பக்கம் பொங்கல் புகை கண்ணைக் கரித்தது. வேப்பஞ்சேலை கட்டியவர்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கவரப்பேட்டைப் பக்கம் போகும் பஸ் ஒன்றுகூட நகரவில்லை. தலைக்கு இரண்டு இட்லி நாஷ்டா, நாற்பது பைசா. ஒன்பது மணிவரை நின்றோம்.

வேப்பிலைக் கட்டு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்றை நிறுத்தினேன். டிரைவருக்கு முப்பது வயதிருக்கும்.

"இன்னா, ஊரே கோயிலுக்கு வருது, நீங்க கோயில வுட்டு ஓடுறீங்க?"

கோவிந்து அண்ணன் விஷயத்தைச் சொன்னார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார்: "மாறன் செத்துட்டானா?"

"அதத்தான் பாக்கப் போறோம்."

"ஏறு, ஏறு."

சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும் நாட்களில் சிறுவயதில் சோடா விற்றவராம் அவர். ஒரு பந்தயத்தில் யாரோ சிமெண்டு மேடையில் மறந்துவிட்டுப்போன புத்தகத்தில் மாறன் இருந்தான். "அன்னிக்கு எந்தக் கார் ஜெயிச்சிதுன்னு எனக்குத் தெரியாது. சோடாவும் விக்கல. மொதலாளி கையில அடி வாங்கனேன்" என்றார். கும்மிடிப்பூண்டிவரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இரண்டு பேருக்கும் ஒரு ரூபாய் நீட்டினோம். வாங்கவில்லை. "அவன் பொழச்சானா இல்லியான்னு திரும்பி வரச்சொல்லோ இந்த மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்று ஸ்டேஷன் ரோட்டோரம் கல் உடைத்தவரைக் காட்டினார்.

பத்தரைக்குச் செங்கம்மாவைக் கண்டுபிடித்தோம். அறுபது வயதுக்குமேல் இருக்கும். வெயிலுக்கு மறைப்பாக ஒரு தகரத்தை நிற்கவைத்து, அதன் நிழலில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கை பொட்டலம் மடித்தபடியே இருக்க, நெஞ்சில் வீசிங் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"மாறன் புஸ்தகமா? அது பூட்ச்சே நைனா. அல்லாம் கடல கட்டிக் குடுத்துட்டேன்" என்றார். நாங்கள் திரும்பி நடக்கப் பார்த்தோம். "இத்த மட்டும் குடுக்கல" என்று தகரத்தின் உள்பக்கத்தைக் காட்டினார்.

சோற்றுப் பசையால் ஒட்டிய ஒற்றைப் பக்கம். ஆறு படம். கடைசிப் பக்கம்.

கோவிந்து அண்ணன் சட்டைப்பையில் கைவிட்டார். செங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் டப்பு எனக்கு இன்னாத்துக்கு? எனக்கு மூச்சு உள்ளயும் நிக்காது, வெளியவும் நிக்காது. ராத்திரி பூரா குந்திக்கினே தூங்குறவ நான். பொட்டலம் மடிக்கச்சொல்லோ பாத்தேன், ஒருத்தன் மூச்ச அடக்கிக்கினு வெளக்கா எரியறான். அன்னியிலேருந்து அவன் படம் வந்தா தனியா எடுத்து வெச்சிப் பாப்பேன். எழுத்து தெரியாது. இத்தப் பிச்சா கிழிஞ்சிடும். நான் தரமாட்டேன்."

நான் ஏசுதாஸைப் பற்றிச் சொன்னேன். காலைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி, அவன் சொன்ன சாக்கைப் பற்றி. செங்கம்மா கொஞ்சநேரம் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சரி, கண்ணால எடுத்துக்கினு போ" என்றார் என்னைப் பார்த்து. பிறகு கோவிந்து அண்ணனிடம், "நீ படி. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எனக்கு இதுவரிக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

கோவிந்து அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படித்தார். மீனவர்கள் படகுகளில் அரிக்கேன் விளக்கோடு குகைக்கு வருகிறார்கள். ஆணும் பெண்ணும் துடுப்புகளைக் கொடுத்துப் பாறையை நெம்புகிறார்கள். மாறனைக் கரைக்குத் தூக்கி வருகிறார்கள். 'மாறன் மீண்டும் ஒளிர்ந்தான். முற்றும்.' செங்கம்மா இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னார். கடலை வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள்.

"பொழச்சிட்டான்!" என்று கோவிந்து அண்ணன் தொடையைத் தட்டினார்.

"பொழச்சான், காலு பூட்ச்சி" என்றார் செங்கம்மா. ஆறாவது படத்தில் விரலை வைத்தார். பாறை உச்சியில் மாறன் நிற்கிறான். உடம்பைச் சுற்றி வெளிச்சம். வலது கால்சட்டை முழங்காலுக்குக் கீழே முடிச்சுப் போட்டிருக்கிறது. கக்கத்தில் ஒரு கோல். எழுத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மேஸ்திரியிடம் 'பொழச்சிட்டான்' என்று மட்டும் சொல்லிவிட்டு, மதிய பாசஞ்சரில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து திருவள்ளூர் வண்டி பிடித்தோம். வழி முழுக்கச் சண்டை.

"காலு விசயத்தச் சொல்லாத. அதான் எழுத்துல இல்லியே. 'முற்றும்'னு சொல்லிட்டு வந்துக்கினே இரு" என்றார் கோவிந்து அண்ணன்.

"படத்துல கீதேண்ணே."

"அவன் படத்தப் பாக்கப் போறானா?"

"என்னியக் கேப்பான். எப்பவும் கேப்பான்."

"டேய் பேமானி, இருக்கிற கொஞ்ச தைரியமும் பூடும்டா அவனுக்கு. அப்பறம் மேரி மொகத்துல எப்டி முழிப்ப?"

திருவள்ளூர் வரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

நாலரைக்கு ஆஸ்பத்திரி. ஏசுதாஸ் காய்ச்சலில் கிடந்தான். கோவிந்து அண்ணன் எழுத்தைச் சொல்ல, நான் ஒவ்வொரு படமாக நடித்துக் காட்டினேன். படகு வந்தது, துடுப்பு நெம்பியது, பாறை அசைந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "மாறன் மீண்டும் ஒளிர்ந்தான். முற்றும்" என்று கோவிந்து அண்ணன் அவசரமாக முடித்தார்.

ஏசுதாஸ் என் பக்கம் திரும்பினான். "எப்டி நின்னான்?"

கோவிந்து அண்ணன் என்னை முறைத்தார். நான் பக்கத்துக் கட்டில் பெரியவரின் மூங்கில் கோலை எடுத்துக் கக்கத்தில் வைத்தேன். வலது காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றேன்.



"அப்டியா நின்னான்?"

"அப்டித்தான்."

"வெளிச்சம்?"

"ஃபுல்லா."

"கொறச்சலா இல்லியே?"

"துளிகூட இல்ல. முன்னவிட ஜாஸ்தின்னுகூடச் சொல்லலாம்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெளியே வந்ததும் கோவிந்து அண்ணன் என்னை அடிக்கக் கை ஓங்கினார், அடிக்கவில்லை. மேரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலை போனபோது கட்டில் காலி. வராந்தாவுக்கு ஓடினேன். நர்ஸம்மாதான் சொன்னார்: "உள்ள கொண்டு பூட்டாங்க. விடியக்கால அவரே கூப்ட்டுக் கையெழுத்து போட்டாரு. அது யாருங்க மாறன்? அவர் சொந்தக்காரரா?"

ஏசுதாஸ் பிழைத்தான். மூட்டை தூக்க முடியவில்லை, ஆனால் படித்தவன் என்பதால் மில்லில் எடை பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதற்கப்புறம் முப்பது வருடத்துக்குமேல் இருந்தான். அன்றைக்கு நான் மாறனின் கால் விஷயத்தை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொன்னதால்தான் பிழைத்தான் என்றும் சொல்லமாட்டேன். அவன் கேட்டான், நான் நின்று காட்டினேன், அவ்வளவுதான்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் வழியை விட்டுவிடுங்கள், அம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்கே இடம் போதாது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் நிறைய இருக்கிறது. பஸ்ஸில்தான் போவேன் என்றால் தேர்வாய் கண்டிகைப் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பேஜாராகிவிடும். பழைய டிக்கெட் விலையை நம்பிச் சில்லறை கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குக் கதை சொல்லப் போனால், முழுதாகச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு அடுத்த வருடம் ஆடி முடிந்ததும், அந்தப் பக்கத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஏசுதாஸ் பிடிவாதம் பிடித்தான். கூட்டிப்போனேன். ரயில் நிலையத்திலிருந்து கோலை ஊன்றி ஊன்றி வந்தவனைச் செங்கம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். மடித்த பொட்டலம் கையிலேயே நின்றது. அவனைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். ஏசுதாஸ் நெஞ்சை நிமிர்த்தி, படத்தில் இருப்பதுபோலவே நின்று, மூச்சையும் அடக்கிக் காட்டினான்.

செங்கம்மா கூடையை நகர்த்தி நிழலில் இடம் பண்ணினார்.

"நின்னது போதும் நைனா" என்றார். "மூச்ச வுடு. குந்து."