போகும் நேரம் மட்டும் போட்டிருந்த பயணம்

பஸ்ஸுக்குள் ஏறியதும் மூக்கில் அடித்தது, ஈரலை அரைத்துப் பூசிய கறுத்த பாண் துண்டுகளின் மணம்... ஆளுக்கொரு கடதாசிப் பொதி தந்திருந்தார்கள். மடியில் வைத்துக்கொண்டு இருந்தோமே தவிர, ஒருவரும் அவிழ்க்கவில்லை.

எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ, ஒரு மே மாதம். டென்மார்க்கில், பிரெடெரிசியாவுக்குப் பக்கத்தில் அகதி முகாமில் இருந்தோம். விசா முடிவு இன்னும் வரவில்லை. என் கணவருக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டி மூன்று நாள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத காலம்.

முதல் நாள் பின்னேரம் சாப்பாட்டு அறைப் பலகையில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. பெரிய எழுத்தில் ‘உட்ஃப்ளுக்ட்’ என்று ஒரு டெனிஷ் சொல். அதன் கீழ் காலை எட்டரை. வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் முகாமின் டிக்‌ஷனரி மனோ அண்ணைதான். இங்கே வர முதல் ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்தவர். எழுத்துக் கூட்டி வாசித்தவரின் முகம் பேயறைந்தது போலானது.

“பிள்ளை, ‘உட்’ எண்டா வெளியாலை. கதவுகளிலை எழுதியிருக்கெல்லே? ‘ஃப்ளுக்’ எண்டா பிளேன். ஜெர்மனியிலை ஏர்போட் முழுக்க அதுதான் எழுதியிருக்கும்... எங்களைப் பிளேன் ஏத்தி வெளியாலை அனுப்பப் போறாங்கள்.”

“சும்மா இருங்கோ அண்ணை.”

“போற நேரம் போட்டிருக்கு. வாற நேரம் எங்கை?”

முகாமில் வேலை செய்த லிஸ்பெத்திடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்: “மை ஹஸ்பண்ட்? ஹாஸ்பிடல்?”

அவள் என் தோளைத் தட்டிச் சிரித்தாள். “நோ ப்ராப்ளம். நெக்ஸ்ட் டைம் ஹி கோ டூ!”

அடுத்த முறை அவரையும் அனுப்புவார்களாம்... அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த கோபம்! பாவி, இதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறாளே என்று மனதுக்குள் திட்டினேன்.

கலியாணப் படம், இவருடைய இரண்டு சேட்டு, செருப்பு, என் உடுப்பு... எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தேன். காலையில் வர மாட்டேன் என்று கட்டிலில் இருந்தேன். “நீ தனிய இருந்து அழக்கூடாது” என்று லிஸ்பெத் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அதை அவள் டெனிஷில் சொன்னாள்; அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. இழுத்த இழுப்பு மட்டும்தான் எனக்கு விளங்கியது.

பஸ் போனது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் பூ வயல்... லிஸ்பெத் மைக்கைப் பிடித்து அதோ கடல், இதோ பழைய பண்ணை வீடு என்று காட்டிக்கொண்டே வந்தாள். இருபது பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் ஆஸ்பத்திரி இருந்த திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இவருக்கு யார் சொல்வார்கள்?

வைல நகரம் தாண்டும்போது ஒரு வீதிப் பலகை. அதில் பிளேன் படம்!

“பாத்தியே?” என்றார் மனோ அண்ணை.

பஸ் அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் ஓடியது. நான் பையை நெஞ்சோடு அணைத்து, எழும்பி நின்றுவிட்டேன். கதவைத் திறந்தால் குதிப்பதென்று முடிவு. அப்போது பஸ் ஒரு சின்ன வீதிக்குத் திரும்பியது... பலகை மறைந்தது.

நின்ற இடத்தில் ஒரு வெள்ளைத் தேவாலயம், இரண்டு பக்கமும் பெரிய புல் மேடுகள், சுற்றிவரக் கல்லறைகள்.

“பிளேனைக் காணேல்லை... சுடலைக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தவை?” என்றார் மனோ அண்ணை.

ஊரின் பெயர் யெல்லிங். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ராசா நட்ட எழுத்துக் கல் அங்கே நின்றது. லிஸ்பெத் அதைக் காட்டிப் பெருமையாக, “டென்மார்க் பர்த் சர்ட்டிஃபிகேட்!” என்றாள்.

மனோ அண்ணை கல்லைத் தடவிப் பார்த்தார். “நாங்கள் பாஸ்போட்டைப் பிளேன் கக்கூசுக்கை கிழிச்சுப் போட்டிட்டு வந்தனாங்கள். இவங்கள் கல்லிலை அடிச்சு வைச்சிருக்கிறாங்கள். கிழிக்கவும் ஏலாது.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை நழுவிப் பை விழ, இவருடைய செருப்பு புல்லில் உருண்டது. சுற்றுலாவுக்கு ஏன் ஆம்பிளைச் செருப்பு என்று லிஸ்பெத் கேட்க, மனோ அண்ணை கைகளை இறக்கை மாதிரி விரித்துக் காட்டினார். “உட்... ஃப்ளுக்... கொழும்பு.”

லிஸ்பெத் வாயைப் பொத்தினாள். ‘உட்ஃப்ளுக்ட்’ என்றால் வெறும் சுற்றுலா என்று விளங்கப்படுத்தினாள். பிறகு என்னைக் கட்டிப் பிடித்தாள். திரும்பும் வழியில் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னாள். கதை கேட்டு இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்கப் பண்ணாதையப்பா, தையல் பிரியப் போகுது” என்றார். அவிழ்க்காத பாண் பொதியை அவர் கட்டிலில் இருந்துதான் சாப்பிட்டோம்... இரண்டு பேரும் பாதி பாதி.

இப்போது அந்தக் கல்லைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தொட முடியாது. எங்களிடம் இரண்டு பேருக்கும் சிவப்பு டெனிஷ் பாஸ்போட் இருக்கிறது.

நான் ரண்டர்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கோடை வந்தால் அவர்களைச் சுற்றுலா கூட்டிப் போவோம். நோட்டீஸ் எழுதுவது என் வேலை. ‘உட்ஃப்ளுக்ட்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பஸ் படம் கீறி, கீழே திரும்பி வரும் நேரத்தை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போடுவேன்.

“அஞ்சு நிமிஷத்திலை மறந்து போற சனத்துக்கு இது எதுக்கு?” என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

பிறகு மறக்கட்டும். பஸ்ஸில் ஏறும்போது தெரிந்திருந்தால் போதும்.