இருபத்தெட்டுப் பல் ரகசியம்

பல் மருத்துவமனையின் பின்னறையில், உருகிய மெழுகு வாசனைக்கும் பல் அரைத்த தூசிக்கும் நடுவே, இருபத்து மூன்று வருடமாக ஊராருக்குச் சிரிப்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார் பல்செட்காரர். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் வார்ப்பு எடுத்து, வரிசையாகப் பல் நட்டு, இளஞ்சிவப்பில் ஈறு வைத்து, பளபளவென்று தேய்த்துத் தருவார். கைவேலையில் மன்னன். குணமும் மோசமில்லை, ஒரே ஒரு விஷயத்தில் தவிர: ஸ்கூட்டர்.

அவர் குடியிருந்த அடுக்குமாடியில் கூரை போட்ட வண்டி நிறுத்தம் எட்டுப் பேருக்குத்தான் இருந்தது. இவருடைய ஸ்கூட்டர் வெயிலில் வெந்து, மழையில் ஊறி, காலையில் உதைத்தால் இருமியது. நான்கு முறை மனு கொடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்கு முறையும் "விதின்னா விதிதான்" என்று திருப்பி அனுப்பினார்.

செயலாளர் ஒழுக்கத்தின் மொத்த வியாபாரி. எந்தக் கூட்டமானாலும் முதலில் பல்லைக் காட்டுவார். "அறுபத்தெட்டு வயசு. முப்பத்திரண்டும் சொந்தப் பல். காரணம் ஒழுக்கம்!" அங்கிருந்து வழுக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிப் பிரச்சினைக்கு வந்து சேர்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாக உடைந்த மேல் செட் ஒன்று ஒட்டுவதற்கு வந்தது. கூடவே கீழ் செட்டும். சீட்டில் செயலாளர் பெயர், வீட்டு எண் எல்லாம் சுத்தமாக இருந்தன. பல்செட்காரர் எண்ணிப் பார்த்தார். இரண்டிலும் சேர்த்து இருபத்தெட்டு. மீதி நான்கும் செயலாளரின் கற்பனை.

மறுநாள் சாயங்காலம் லிஃப்டில் இருவர் மட்டும்.

"மேல் செட் இப்ப சரியா உட்காருதா சார்?"

செயலாளரின் முகம் சுவரோடு சுவராக வெளுத்தது.

"பயப்படாதீங்க. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? ஆமா, அந்தக் கூரைக்கு அடியில ஒரு இடம் கேட்டிருந்தேனே..."

விடிந்தபோது கூரைக்கு அடியில் இவருடைய வீட்டு எண் எழுதியிருந்தது. பெயிண்ட்கூடக் காயவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் மனிதன். குளிர் விட்டுப்போயிற்று. அடுத்து, வாசல் காவல்காரர் தனக்கு சல்யூட் அடிக்க வேண்டும் என்றார்; காவல்காரரும் அடித்தார். பிறகு, மச்சானுடைய உடைந்த சோபாக்களை மொட்டைமாடி அறையில் போட வேண்டும் என்றார். சோபாவின் ஒரு முனையைச் செயலாளரே மூச்சிரைக்கத் தூக்கி வந்தார். வரவர அவர் கூட்டம் போடுவதை விட்டார். நடைப்பயிற்சியை விட்டார். வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

சோபா விஷயத்தை மச்சான் பெருமையாகத் தன் அக்காவிடம் சொல்லப்போக, அவள் வீட்டுக்காரரைத் துருவிக் கேட்டதில் குட்டு உடைந்தது. அந்த அக்கா, அதாவது பல்செட்காரரின் மனைவி, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்.

"இதுக்கு ஜெயில் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"எதுக்கு? உண்மையைச் சொல்றது தப்பா?"

"இல்ல."

"சொல்லாம இருக்கிறது?"

"இல்ல."

"பார்க்கிங் கேக்கிறது?"

"அதுவும் இல்ல."

"மூணும் தப்பில்லைன்னா, சேர்த்தா மட்டும் எப்படி தப்பாகும்?"

"அந்த ரகசியம் யாரோடது? அவரோடது. அவர் பொருளை அவர்கிட்டயே விக்கிறீங்க. ஒரு தடவை வித்தும் பொருள் உங்க கையிலயே இருக்கு. நாளைக்கு மறுபடி விப்பீங்க."

"பெரிய ஜட்ஜம்மா!"

அவள் கோபப்படவில்லை. "சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவர்கிட்ட போய் மன்னிப்பு கேளுங்க. இல்லைன்னா திங்கட்கிழமை உங்க டாக்டருக்கு ஃபோன் போடுவேன். நோயாளி விஷயத்தை உங்க ஆளு வெளியில விக்கிறாருன்னு."

"அடிப்பாவி, இது பிளாக்மெயில்!"

"அட, பேரு தெரியுதே! அதுவரைக்கும் பாத்திரத்தைக் கழுவுங்க."

வியாழன் பாத்திரம். வெள்ளி மின்விசிறி துடைத்தார். சனிக்கிழமை மாமியார் ஒரு மாதம் தங்க வருவதாக அறிவிப்பு வந்தது. "ரொம்ப சந்தோஷம்" என்று அவர் வாயாலேயே சொன்னார். மருத்துவமனையில் டாக்டரின் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கதவோரம் போய்க் காதைத் தீட்டினார். ஒரு பல்வரிசையைத் தலைகீழாக நட்டார். மனைவி எதுவும் சொல்லாதபோதுதான் அதிகம் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னும் என்ன வேணும்?" என்றார் செயலாளர், வாயைப் பொத்தியபடி.

"ஒண்ணும் வேணாம் சார். தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

செயலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். காவல் நிலையத்துக்கு எழுதிய புகார். 'மேற்படி நபர் என்னை மிரட்டி வருகிறார். ஏனென்றால் எனக்கு' என்பதோடு நின்றிருந்தது.

"அதுக்கு மேல எழுத வரலை. எழுதினா நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. வீட்டுல திருடன் வந்தா கத்தலாம். நீ வந்தா நான் கதவைத் திறந்து வாங்கன்னு சொல்லணும்."

பல்செட்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அன்றே ஸ்கூட்டர் வெயிலுக்குப் போனது. சோபாக்களை அவரும் மச்சானும் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். மச்சான் படிக்குப் படி திட்டினான். மனைவியிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டார். டாக்டர் அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். வேலையை விட்டுத் துரத்தவில்லை. செயலாளர் இளைத்துப்போனதில் செட் லொடலொடவென்று ஆடியது. அதைப் பிரித்து, உள்ளே புதிதாக ஈறு வைத்து, ஒட்டினாற்போல் பொருந்தும்வரை மூன்று முறை தேய்த்துக் கொடுத்தார். அவ்வளவு அழகான செட்டை அவர் அதற்குமுன் செய்ததில்லை.

மன்னித்துவிட்டேன் என்று செயலாளர் ஒருநாளும் சொல்லவில்லை. போகிற போக்கில் ஒருமுறை, "அந்தத் தாள் இன்னும் இழுப்பறையிலதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். இதுவும் பிளாக்மெயில் கணக்கில் சேருமா என்று மனைவியிடம் கேட்கலாமா என யோசித்த பல்செட்காரர், மாமியார் கிளம்ப இன்னும் பதினெட்டு நாள் இருப்பதை நினைத்து, வாயை மூடிக்கொண்டார்.