ரேகை வைக்க மறுத்தவர்

பேரையூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தோம். குழந்தையின் தாய்மாமன் மட்டும் தெம்பாக நின்று தீர்ப்புச் சொன்னார்: "சமையக்காரன் கோழியில கோட்டை விட்டுட்டான்."

சமையல்காரருக்கு அடுத்த மாதம் பசுமலையில் ஒரு கல்யாண விருந்து இருந்தது. பெண் வீட்டார் அதற்குள் வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த டாக்டரம்மா எங்களிடம் 'மாதிரி' வாங்கினார். நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் அப்படித்தான் எழுதுவோம். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. மிச்சமிருந்த குழம்பு, வெங்காயப் பச்சடி, கோழி வெட்டிய பலகை எல்லாவற்றிலும் எடுத்தார். பலகையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருந்தது. எங்கள் வயிற்றிலும் அதே பெயர்தான். மாமா மீசையைத் தடவினார்.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிருமா?" என்றார் டாக்டரம்மா. "டி.என்.ஏ.வப் பாக்கணும். அது கிருமியோட கைரேகை மாதிரி. சமையல் பண்ணுன உங்ககிட்டயும் எடுக்கணும்ணே."

சமையல்காரரின் காதில் கைரேகை மட்டும் விழுந்தது. அவர் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போடக் கற்றவர் அவர்தான்; சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"கையெழுத்து எம்புட்டு வேணும்னாலும் போடுறேம்மா. ரேகை வைக்க மாட்டேன். அது எங்கப்பாவோட போச்சு."

"ரேகை உங்களுக்கில்லண்ணே, கிருமிக்கு."

"அதுக்குக் கையெழுத்துத் தெரியாதாக்கும்?"

டாக்டரம்மா ஒரு சிறிய டப்பாவை நீட்டி, அதில் என்ன வேண்டும் என்பதை விளக்கினார். சமையல்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ரேகையே தேவலாம்," என்று வாங்கிக்கொண்டார். தெம்பாக நின்ற மாமாவுக்கும் ஒரு டப்பா கிடைத்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. பலகையில் இருந்தது வேறு வம்சம். எங்கள் வயிற்றுக் கிருமிகள் எல்லாம் ஒரே அச்சு. பச்சடியிலும் அதே அச்சு. சமையல்காரரிடம் ஒன்றுமில்லை. மாமாவின் டப்பாவில் இருந்தது.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே தமக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது மாமாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மருமகள் விசேஷம் என்று, அண்டாப் பச்சடியை வெறுங்கையால் பிசைந்தவர் அவர். அதைப் படம் எடுத்தது நான்.

"விடுங்கப்பா, கிருமிதான செஞ்சிச்சு," என்றார் மாமா.

"அது யாரு வயித்துக் கிருமின்னு எழுதிக் குடுங்கண்ணே. பசுமலையில காட்டணும்," என்றார் சமையல்காரர்.

மாமா, தவறு தம்முடையதுதான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சமையல்காரர் ஒருமுறை வாசித்துவிட்டு, பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்து நீட்டினார்.

"ரேகையும் வச்சிருங்கண்ணே. இப்ப உங்க ரேகைதான் செல்லும்."