வியாழக்கிழமை லேப்

எங்கள் துணைவேந்தர் ஆட்குறைப்பு என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. அரங்கத்தில் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிக்கனத்தை நம்மிடமிருந்தே தொடங்குவோம் என்றார். மேடையில் அவர் தலைக்கு மேல் மட்டும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "நாம எல்லாரும் ஒரு ஃபேமிலி. ஃபேமிலில கஷ்டம்னா எல்லாரும்தான் அட்ஜஸ்ட் பண்ணணும்" என்றபோது குரல் வேறு தழுதழுத்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பிறகு, மாற்றத்தை ஏற்றுக்கொள்ள எங்களைப் பழக்குவதற்கென்றே வரவழைத்த ஒரு பயிற்சியாளர் மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் நன்றி சொல்ல வேண்டிய மூன்று பேரை நினைக்கச் சொன்னார். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்களும் வேர்வை வழிய உட்கார்ந்து கண்ணை மூடினோம்.

நான் நன்றி சொல்ல வேண்டியவள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாள். எங்கள் துறையில் உதவிப் பேராசிரியை, என்னைவிட எட்டு வயது இளையவள். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் தாம்பரம் வருவாள். நான் செம்பாக்கத்திலிருந்து வந்து சேர்வேன். அங்கிருந்து காலேஜ் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட். கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மகள் பத்தாம் வகுப்பு.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு எடுக்காத ஆசிரியர்கள் அடுத்த செமஸ்டருக்குத் தேவையில்லை. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதற்கு டைம்டேபிள்தான் ஆதாரம். அவள் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவள் எடுத்தது சரியாகப் பதினாறு மணி நேரம்.

ஆனால் டைம்டேபிளில் இருந்தது பன்னிரண்டு. அதை எழுதியவள் நான்.

துறைக்கு டைம்டேபிள் போடுவது என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிஎச்.டி. ஆய்வேட்டை முடிக்க எனக்கு வியாழக்கிழமை மதியங்கள் தேவைப்பட்டன. அதனால் நான்கு மணி நேர சர்க்யூட் லேபை என் பெயரில் போட்டுக்கொண்டு, அவளை எடுக்கச் சொன்னேன். தாளில் ஒரு பெயர், வகுப்பில் இன்னொரு ஆள் என்பது எங்களிடம் சகஜம்தான். "இதெல்லாம் கேக்கணுமா மேம், நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் கடவுள், வழிகாட்டி, கணவர் எல்லோருக்கும் அடுத்து அவளுக்கும் ஒரு வரி ஒதுக்கினேன். பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்ந்தது. அதற்குப் பிறகும் லேபை நான் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்டது. தாளில் என் பெயர் இருப்பது தெரிந்தும், கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அவள் அன்று நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் டைம்டேபிள் விரித்துக் கிடந்தது.

"அவங்களுக்குப் பன்னெண்டுதான் வருது. உங்களுக்குப் பதினாறு. வியாழக்கிழமை லேப் யாரு எடுக்கறா?"

அந்த லேப் அவர் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. இரண்டு வருடமாக அவள் அதற்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு மணி நேரக்காரி நான்தான். வீட்டுக்குப் போகவேண்டியவளும் நான்தான்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டிக் அடித்தார். "வெரி குட்" என்று வேறு சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்குத் தலைப்பாகைகூடப் போகவில்லை. வெளியே வந்து கேன்டீனில் காபி வாங்கிக் குடித்தேன். மனசு லேசாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வேலை போகிறவர்களின் பட்டியல் அவள் பெயரோடு வந்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தாம்பரம் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"மேம், லேப் நான்தான் எடுக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். ஸ்டூடன்ட்ஸைக் கேட்டாக்கூடச் சொல்லுவாங்க."

"இப்பப் போய் மாத்திச் சொன்னா ரெண்டு பேருக்கும்தான் பிரச்சனைம்மா. பொய்யா டைம்டேபிள் போட்டோம்னு ஆயிடும்."

போட்டோம் என்றேன். போட்டவள் நான். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். துறைத்தலைவரிடம் நான் ஏற்கெனவே என்ன சொல்லியிருப்பேன் என்று அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "சரி மேம்" என்று மட்டும் சொன்னாள். இறங்கும்போது வழக்கம்போல என் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

எங்களிடம் ஆசிரியர் லீவு போட்டால், அன்றைய வகுப்புகளை யார் எடுப்பார்கள் என்று ஒரு படிவத்தில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு ஆல்டரேஷன் என்று பெயர். வேலையை விட்டு அனுப்பும் நாளிலும் அதை விடமாட்டார்கள். வேலையில் சேரும்போது ஒப்படைத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்க அவள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டிய கடைசி நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்தது.

காலையில் படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள். வேறு யாரிடமாவது போயிருக்கலாம். என்னிடம்தான் வந்தாள். முதல் மணி, மூன்றாவது மணி என்று இரண்டு வரிகளை அழகாக நிரப்பியிருந்தாள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் மதியத்துக்கான வரி காலியாக இருப்பதைக் கவனித்தேன்.

"லேப் எழுதலையே?"

அவள் கைப்பையிலிருந்து லேப் சாவியை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"அதுக்கு எதுக்கு மேம் கையெழுத்து? அது உங்க பேர்லதானே இருக்கு."