சிங்ககட் மலையில் பாதி வழி

காலை 5.40. புனே, நிக்டி பஸ் நிறுத்தத்தில் நாங்கள் மூன்று பேர்: நான், எட்டு வயது நித்யா, ஐந்து வயது தீபா. 2001 மார்ச், ஹோலி முடிந்த ஞாயிறு. வெயில் உறைப்பதற்குள் சிங்ககட் கோட்டைக்கு ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். மனைவி மீனாவுக்கு அவள் பள்ளியில் ஏதோ வங்கித் தேர்வு மேற்பார்வை. பிள்ளைகளை நான் தனியாகக் கூட்டிப்போவது இதுவே முதல் முறை.

"உங்க ஓட்டத்துக்கு அதுங்களையும் இழுக்காதீங்க," என்று சொல்லித்தான் அனுப்பினாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவன் என்று எனக்கு வீட்டில் பெயர்.

6.50. ஸ்வார்கேட். இதுவரை இருபது கிலோமீட்டர்; எனக்குப் பத்து ரூபாய், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். அடிவாரத்துக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். கடக்வாஸ்லா அணை வந்தபோது, தண்ணீரைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏற எவ்வளவு நேரமாகும் என்று நடத்துனரைக் கேட்டேன்.

"பச்சோங் கே சாத்? தோ கண்டா," என்றார்.

குழந்தைகளோடு இரண்டு மணி நேரமாம். என் தொழிற்சாலை நண்பர் ஒருவர் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஏறிவிடுவார். நான் ஒரு மணி நேரம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

8.15. நடை தொடங்கியது. இலவ மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தன. களாப் புதர்களில் வெள்ளைப் பூ. ஞாயிறு தவறாமல் ஏறுகிற தாத்தாக்கள்கூட எங்களைக் கடந்து போனார்கள். இறங்கி வருகிறவர்களிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஆலச், ஆலச்!" என்றார்கள். வந்தாச்சு என்று அர்த்தம். ஒரு மணி நேரமாக எல்லோரும் அதையே சொன்னார்கள், கோட்டைதான் வரவில்லை. தீபா விழுந்த பூவுக்கெல்லாம் குனிந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

9.20. சாக்குப் பந்தலின் கீழ் ஓர் அம்மா சின்ன மண்சட்டிகளில் தயிர் விற்றுக்கொண்டிருந்தார், சட்டி ஐந்து ரூபாய். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. "இங்கயே இருங்க. அந்த வளைவுக்கு அப்பால என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன்," என்று போனேன். வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு. அதையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், தீபா இல்லை.

"இங்கதாம்ப்பா பூ பொறுக்கிட்டிருந்தா," என்றாள் நித்யா.

பாதையின் ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு. "தீபா! கிதர் ஹை? ஜல்தி ஆவ்!" என்று இந்தியில் கத்தினேன், எங்கே இருக்கிறாய், சீக்கிரம் வா என்று. தயிர்க்கார அம்மா கூவினார். ஏறிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேர் நின்று, மராத்தியிலும் இந்தியிலுமாக மலை முழுக்க அவள் பெயரை எறிந்தார்கள். பதிலே இல்லை. பத்து நிமிடம் போயிற்று. மீனாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு ஓடவில்லை.

நித்யா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தமிழ்ல கூப்பிடுங்கப்பா. கூட்டத்துல யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் போகக் கூடாது, தமிழ்ல கூப்பிட்டா மட்டும் போகணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

பிள்ளைகளிடம் அவள் அப்படிச் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியாது.

"தீபாக்குட்டி! அப்பா கூப்பிடறேன், வாடா கண்ணு!"

பந்தலுக்குப் பின்னால், இருபதடி தள்ளியிருந்த களாப் புதரிலிருந்து, கவுன் மடி நிறைய இலவம்பூவோடு எழுந்து வந்தாள். "நிறைய பேர் கூப்பிட்டாங்கப்பா. நான் சத்தமே போடாம ஒளிஞ்சுக்கிட்டேன்," என்றாள் பெருமையாக. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். தயிர்க்கார அம்மா ஒரு சட்டியை என் கையில் வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

கோட்டைக்குப் போகவில்லை. இறங்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது, ஒவ்வொரு பூவுக்கும் நின்றோம்.

பகல் 12.10. திரும்பும் பஸ். புனே வந்து பதினோரு வருடம். நான் பேசுகிற இந்தியைக் கேட்டு யாரும் என்னை மதராஸி என்று கண்டுபிடிக்க முடியாது என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. உயிர் போகிற பயத்தில் தாய்மொழிதான் வாயில் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மடியில் இருந்த தீபா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"அப்பா, முதல்ல இந்தில கூப்பிட்டது நீங்களா?"

"ஆமாம்மா."

"யாரைக் கூப்பிட்டீங்க?"