உப்பில்லாத மீன்

இருதயம்மாள் வாத்துக்குஞ்சு வாங்கியதற்கு ஒரே காரணம் புருஷனின் மார்புதான். காத்திவாக்கத்தில் இன்னாசியைப் போலக் கட்டுமரம் தள்ள ஆள் இல்லை என்று பேர் வாங்கியவன், இருமினால் துணியில் ரத்தம் படுகிற நிலைக்கு வந்துவிட்டான். இன்னொரு மழைக்காலம் கடலில் நனைந்தால் ஆள் தங்கமாட்டான் என்று ராயபுரத்து டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். பிள்ளைகுட்டி கிடையாது. அவன் கடலுக்குப் போகாமலிருக்க இவள் கையில் ஒரு பிழைப்பு வேண்டும். காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து, எண்ணூர் சதுப்பில் வாத்து மேய்க்கும் நீலாவிடம் ஒரு கூடைக் குஞ்சு வாங்கி வந்தாள். வளர்ந்து முட்டையிட்டால் போதும், அவன் கரையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

"வெறும் தவுடும் குருணையுமா போட்டீனா கால் சூம்பிப்பூடும்க்கா. மீனு போடு. உங்க குப்பத்துல மீனுக்கா பஞ்சம்? கிளிஞ்சலை இடிச்சு அதுமேல தூவு" என்றாள் நீலா. அந்தப் பேச்சில் ஒரு குற்றமும் இல்லை.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. கிடைத்த அரிசியைப் புடைத்து, குருணையைக் குஞ்சுக்கு ஒதுக்கிவிட்டு இருவரும் கஞ்சி குடித்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முகத்துவாரம் எங்கும் வெள்ளம். ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை, ஒரு கூனி இறால்கூடக் கண்ணில் படவில்லை. அதனாலென்ன, வீட்டில் ஒரு பானைக் கருவாடு இருந்ததே! அவளுக்கு அதுவும் மீன்தான். பிறந்தது முதல் தின்று பழகிய நாக்குக்கு அதிலுள்ள உப்பு ஒரு பொருட்டா? கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள வைத்திருந்ததை உரலில் போட்டு இடித்துத் தவிட்டோடு பிசைந்து வைத்தாள். குஞ்சுகள் முண்டியடித்துத் தின்றன.

தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தன. குடித்துக்கொண்டே இருந்தன.

"பாரேன்யா, எப்டிக் குடிக்குதுங்கோ! ஜோரா வளந்துகினு வருது" என்று புருஷனிடம் காட்டிப் பூரித்துப்போனாள், பாவி.

குளிருக்குப் பயந்து குஞ்சுகளை வீட்டுக்குள்ளேயே அடைத்திருந்தாள். சட்டித் தண்ணீரை அவை சிந்திச் சிதறி, தரை முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் இன்னாசிக்கு இருமல் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எத்தனை தண்ணீர்தான் குடிக்கும் இதுகள் என்று சலித்து, பொழுது சாயும்போது சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். அவனுக்காகத்தான் செய்தாள்.

விடிந்து கூடையைத் திறந்தால், கழுத்தை முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டு கிடந்தன. உயிர் இருந்தவை காலை இழுத்து இழுத்துத் துடித்தன. இருதயம்மாள் போட்ட கூச்சலில் குப்பமே கூடிவிட்டது.

சேதி கேட்டு மழையோடு ஓடிவந்த நீலா, மிச்சமிருந்த தீனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, இப்டிக் கரிக்குது! கருவாட்டையா போட்டே? குஞ்சுங்களுக்கு உப்பு ஆவுமா? தண்ணியாச்சும் நெறைய வெச்சியா?"

இருதயம்மாள் வெளியே போய், மழையில் நிரம்பி வழிந்த சட்டியை உள்ளே எடுத்து வந்தாள்.

சாயங்காலம்வரை உட்கார்ந்து, விரலால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு மூன்றைப் பிழைக்க வைத்தவன் இன்னாசிதான். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் எதிர்த்துக் கத்தியாவது நெஞ்சுப் பாரத்தை இறக்கியிருப்பாள். "வுடு மே, நீ இன்னா வேணும்னா செஞ்சே?" என்றான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மழை சற்று விட்டது. கடல் இன்னும் அடங்கவில்லை. இன்னாசி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துடுப்பைக் கையில் எடுத்தான். பதறிப்போய் வாசலை மறித்து நின்றாள்.

"எங்கய்யா கெளம்பிட்டே? டாக்டரு இன்னா சொன்னாரு?"

இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"மூணு கீதே, மே. அதுங்களுக்கு உப்பில்லாத மீனு வோணும்ல?"

என்ன சொல்லி அவனைத் தடுப்பாள்? வீட்டில் கருவாடு இருக்கிறது, அதுவே போதும் என்றா? ஒதுங்கி வழிவிட்டாள்.