மலர்விழி மேடமும் எங்கள் பஸ் கேமின் பெண்டிங் லிஸ்ட்டும்

மலர்விழி மேடம் நேற்று காலை போய்விட்டார். மாரடைப்பு. குமரன்தான் சென்னையிலிருந்து போன் செய்து சொன்னான்.

அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. 2003 வாக்கில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான், குமரன், அவர் மூன்று பேரும் இன்ஸ்ட்ரக்டர்கள். ஏறக்குறைய ஒரே வயது. ஸ்டூடண்ட்ஸ் முன்னால் சார், மேடம் என்று கூப்பிட்டுப் பழகி, அதுவே நிலைத்துவிட்டது.

மதியம் கிளாஸ் இருக்காது. அந்த நேரத்தில் மூலையில் இருந்த மெஷினில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கேம் செய்தோம். பெயர் 'ரைட் போலாம்'.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரை பஸ் ஓட்ட வேண்டும். வழியில் ஆள் ஏற்ற வேண்டும், மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்ற வேண்டும். புரோகிராம் நானும் குமரனும். பயணிகளின் முகமெல்லாம் மேடம் வரைந்தது. அவர் கீழ்பென்னாத்தூர்க்காரர், தினமும் அதே ரூட்டில் வந்துபோகிறவர்... அத்தனை முகமும் நிஜம்.

ஒரு காலேஜ் கண்காட்சியில் வைக்க இடம் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் இருந்தது. அதற்கு முன் அங்கிருந்து ஒரு புரொபசர் பார்க்க வந்தார். அவர் ஓட்டும்போது ஏரிக்கரை வளைவில் பஸ் மாயமாக மறைந்துவிட்டது. ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பிழைதான், கம்ப்யூட்டர்காரர் பாஷையில் 'பக்'. குமரன் சரிசெய்கிறான் என்று நான் இருந்துவிட்டேன். நான் செய்கிறேன் என்று அவன் இருந்துவிட்டான்.

"பாத்துக்கறேன்னு நீதானடா சொன்ன!" என்றேன்.

"நான் எப்ப சொன்னேன்?"

அத்தோடு பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்து சேரில் உட்கார்ந்து, பேசாமல், ஒரே கேமுக்கு வேலை செய்தோம். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று கேம் அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

மேடம் எங்கள் சண்டைக்குள் வரவில்லை. என்னிடம் வந்து, "யாரு எத செய்யறாங்கனு எழுதி வெக்கல சார். ஒரு லிஸ்ட் போடலாம். எதுல போடறதுனு நான் பாக்கறேன்" என்றார்.

"எதுல போட்டா என்ன மேடம்?"

"எது நல்லா இருக்குனு உங்கள கேக்கப் போறதில்ல. எத நீங்க தொறக்கறீங்கனு பாத்துக்கறேன்."

முதல் வாரம் இன்டர்நெட்டில் கிடைத்த ஓர் இலவச பக் டிராக்கர், பிழைகளைப் பதிந்து வைக்கும் சாப்ட்வேர். சென்டர் ஓனர் அதே லைனில் போன் பேச ஆரம்பித்தால் கனெக்‌ஷன் போய்விடும். ஒரு பக் எழுத ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் நிரப்ப வேண்டும். குமரன் எல்லாவற்றையும் 'அவசரம்' என்று போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த வாரம் எக்செல். நாலே நாளில் ஆளுக்கொரு ஃபைல் ஆகி, எது சரியான லிஸ்ட் என்றே தெரியவில்லை.

அப்புறம் சுவரில் சார்ட். அட்மிஷன் நோட்டீஸ் ஒட்ட இடம் வேண்டுமென்று ஓனர் கிழித்துவிட்டார்.

மேடம் அசரவில்லை. "எதத் தொறக்கலனாலும் கேமை மட்டும் ரெண்டு பேரும் தெனம் தொறக்கறீங்க இல்ல? லிஸ்ட்ட அதுக்குள்ளயே வெச்சிடுங்க சார்."

அரை மணி நேர வேலை. கேம் தொடங்கினால் முதலில் பெண்டிங் லிஸ்ட் வரும், படித்துவிட்டு ஸ்பேஸ் தட்டினால்தான் பஸ் வரும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர்.

மூன்றாவது நாள் ஏரிக்கரை பஸ் மறையாமல் திரும்பியது.

அதற்கு மறுநாள் குமரன் கேமைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். பதினாலாவது வரியில் மேடம் சேர்த்திருந்தார்: 'ரெண்டு பேரும் பேசறதில்ல. யார் செய்யணும்: ரெண்டு பேரும்.'

"என்ன மேடம், இதெல்லாம் ஒரு 'பக்'கா?" என்றான் குமரன்.

"வேலை நிக்குதில்ல சார். அப்ப பக்குதான்." திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். டைப் செய்வதையும் நிறுத்தவில்லை.

குமரன் சேரைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்புறம் என்னிடம், "டீ குடிக்க வர்றியாடா?" என்றான்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வரி இல்லை. என்ன பேசினோம் என்று மேடம் கேட்கவும் இல்லை.

கண்காட்சியில் பரிசெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் ஹாலை மூடும்வரை எங்கள் மெஷின் முன்னால் வரிசை.

மகளோடு வந்திருந்த ஒரு கண்டக்டரும் ஓட்டிப் பார்த்தார். நிஜமாகவே அந்த ரூட் கண்டக்டர். "ஏம்மா, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல உங்க பஸ்ஸு நிக்கவே மாட்டேங்குது? நாங்க நிறுத்துவோமே!"

"ஐயோ, தெனம் அதுலதானே வர்றேன், எப்படி உட்டேன்!" மேடம் உடனே உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம்...

பிறகு கல்யாணமாகி வேங்கிக்கால் போனார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் சொந்தமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மகள் காலேஜ் போகிறாள். நல்லா இருந்தார்.

போன வருஷம் பேசும்போது, எங்கள் ஆபீசில் எந்த டிராக்கர் வாங்குவது என்று மாதக்கணக்கில் மீட்டிங் நடப்பதைச் சொன்னேன்.

"இன்னமும் அதேதானா சார்?" விழுந்து விழுந்து சிரித்தார்.

நாளைக் காலை கீழ்பென்னாத்தூரில், அவருடைய அம்மா வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். நானும் குமரனும் போகிறோம்.

உங்களோட வேலை செஞ்சது ரொம்ப சந்தோஷம் மேடம். போய்ட்டு வாங்க.